சந்தைக்கு வராத தோழி

ரெங்கானிஸுக்கு இருபத்தொன்பது வயது. பாண்டுங் நகரத்தின் தெற்கு ஓரத்தில் ஒரு டைல்ஸ் கடையில் டெலிவரி சீட்டு எழுதும் வேலை. கல்யாணம் ஆகவில்லை. இந்த மூன்று தகவல் கிடைத்துவிட்டால் எங்கள் ஊரில் யாரும் நாலாவதாக ஒன்றைக் கேட்க மாட்டார்கள். ஒரு பெண்ணின் முழு ஜாதகமும் கைக்கு வந்துவிட்ட திருப்தியோடு அடுத்த வீட்டு விவகாரத்துக்குப் போய்விடுவார்கள். அதனால் ஒன்பது வருஷமாக அவள் விடியற்காலைத் தொழுகை முடிந்த கையோடு டேப்லெட்டை மடியில் வைத்துக்கொண்டு, ஜப்பான் கார்ட்டூன்களில் வரும் வெள்ளைத்தலை வாலிபர்களை வரைந்து தள்ளுகிறாள் என்பது பலருக்கும் தெரியாமலே போயிற்று.

வெள்ளைத்தலை என்றதும் கிழவர் என்று நினைத்துவிட வேண்டாம். பதினேழு வயதுதான் இருக்கும். தலை மட்டும் பஞ்சாக வெளுத்திருக்கும், உலகத் துக்கம் முழுவதும் அவர்கள் தலையில் இறங்கியிருக்கும், மேல்சட்டையில் இரண்டு பொத்தான் எப்போதும் திறந்திருக்கும். இப்படிப்பட்டவர்களை ஸ்டிக்கராகவும் அட்டைப் படமாகவும் அச்சடித்து, வருஷத்துக்கு இரண்டு முறை நடக்கும் ரசிகர் சந்தையில் விற்பாள். தனக்கென்று மேசை கிடையாது. தோழி அஸ்ரியின் மேசையில் ஒரு ஓரம். சந்தைக்கு வருகிற பெண்கள் அந்த வாலிபர்களைக் கண்டதும் ஒரு கீச்சுக் குரல் எழுப்பி அள்ளிக்கொண்டு போவார்கள். யாரோ ஒருவர் பெற்ற பிள்ளைக்கு இவள் பவுடர் பூசிவிட்டுப் பேர் வாங்கிக்கொண்டிருந்தாள் என்று சொன்னால் கோபித்துக்கொள்வாள். ஆனால் அதுதான் உண்மை, அவளுக்கும் தெரியும்.

இந்த வருஷம் அவள் போட்ட விண்ணப்பத்துக்கு அதிசயமாக அரை மேசை ஒதுக்கினார்கள். அரை மேசை என்றால் தொண்ணூறு சென்டிமீட்டர். இரண்டு நாற்காலி, இரண்டு நாள். மூன்று வருஷம் தொடர்ந்து "அடுத்த முறை முயலவும்" என்று பதில் வந்த இடத்தில் இது ராஜ்ஜியம் கிடைத்த மாதிரிதான். கடிதம் வந்த அன்றைக்கே ரெங்கானிஸ் அஸ்ரியைக் கூப்பிட்டு, மனசில் இருந்ததைக் கொட்டிவிட்டாள்.

"நான் சொந்தமா ஒரு புத்தகம் போடப் போறேன்டி. இருபத்தெட்டுப் பக்கம். கதையும் என்னோடது, படமும் என்னோடது."

"வாலிபன் உண்டா?"

"கிடையாது. ஒரு பேய்தான்."

"பொம்பளைப் பேயா?"

"ஆமா."

"சட்டைப் பொத்தான் திறந்திருக்குமா?"

"அஸ்ரி!"

"இல்ல, விக்கணுமே கானிஸ், அதுக்குத்தான் கேட்டேன்."

கதை இதுதான். வெள்ளை உடுப்பும் நீள முடியுமாக ஒரு பேய், வீட்டுக்குப் போக வேண்டும் என்று ஊருக்குள் ஓடும் குட்டி வேன் ஒன்றில் ஏறுகிறது. அது செத்துப்போன பிறகு அதன் வீட்டுப் பக்கம் போகும் வழித்தடத்தையே நிறுத்திவிட்டார்கள். பாவம், அதற்கு யாரும் தகவல் சொல்லவில்லை. ஒவ்வொரு வேனாக மாறி மாறி ஏறி, பக்கத்தில் இருப்பவர்களிடம் வழி கேட்கிறது. யாரும் அலறவில்லை, இறங்கி ஓடவில்லை. தெரியாததைத் தெரியாது என்று சொன்னால் மரியாதைக் குறைவு அல்லவா? அதனால் மிகுந்த பணிவோடு, சிரித்த முகத்தோடு, ஆளுக்கொரு திசை காட்டுகிறார்கள். எங்கள் ஊர்க்காரர்களை இதைவிடச் சரியாக யாரும் படம் பிடித்ததில்லை என்பது என் கட்சி.

ரெங்கானிஸ் தனக்குள் ஒரு சபதமும் போட்டுக்கொண்டாள். உறவும் இல்லாமல், நட்பும் இல்லாமல், தாட்சண்யமும் இல்லாமல், முன்பின் தெரியாத ஒரே ஒரு ஆள் இந்தப் பேய்க் கதை பிடித்துப்போய்ப் புத்தகத்தை வாங்கினால் இனிமேல் தன் கதைகளைத்தான் வரைவது. இல்லையென்றால் ஆயுசு முடியும்வரை வெள்ளைத்தலை வாலிபர்கள். சபதம் இவ்வளவு வீரமாக இருந்ததே தவிர, புத்தக அட்டையில் தன் பெயரைப் போட அவளுக்குத் தைரியம் வரவில்லை. ஸ்டிக்கர்களில் எல்லாம் 'ரெங்கா' என்று கையெழுத்துப் போடுகிறவள், இதற்கு மட்டும் 'சென்ஜா' என்று புதுப் பெயர் வைத்தாள். சென்ஜா என்றால் அந்தி. எங்கள் நாட்டில் எழுதுகிற, வரைகிற, பாடுகிற பத்துப் பேரில் நாலு பேர் அந்தியைத்தான் பெயராக வைத்துக்கொள்வார்கள். கூட்டத்தில் ஒளிந்துகொள்ள அதைவிட வசதி வேறு இல்லை. புத்தகம் நன்றாக இல்லாவிட்டால் பழி அந்த நாலு பேரில் யார் தலையிலாவது போய் விழட்டும் என்பது அவள் கணக்கு.

நாலு மாதம் விடியற்காலைகள் அதிலேயே போயின. வரைந்து முடித்து, அச்சடிக்க பகார்சி தெருவுக்கு எடுத்துக்கொண்டு போனாள். அங்கே உஜாங் என்பவர் அச்சகம் வைத்திருந்தார். எல்லாருக்கும் அவர் 'காங்', அதாவது அண்ணன். வருகிற பெண்களை எல்லாம் 'நெங்' என்று செல்லமாக அழைப்பார், வேலையை அவ்வளவு செல்லமாகச் செய்வார் என்று சொல்வதற்கில்லை. மாதிரிப் பிரதியை அவர் நீட்டியதும் ரெங்கானிஸ் அவசரமாகப் புரட்டினாள். எல்லாப் பக்கத்திலும் பேய்க்குக் கணுக்காலுக்குக் கீழே ஒன்றும் இல்லை. வெட்டுகிற கத்திக்காகச் சுற்றிலும் விட வேண்டிய மூன்று மில்லிமீட்டரை அவள் விடவில்லை. ஒன்பது வருஷம் வாலிபர்களை இடுப்புக்கு மேலே மட்டும் வரைந்தவளுக்குக் கால் என்று ஒன்று வெட்டுப்படும் என்று எப்படித் தோன்றும்?

"காங் உஜாங், கால் எல்லாம் போயிடுச்சே!"

"பேய்க்கு எதுக்கு நெங் கால்? அது மெதக்கத்தானே செய்யும்?"

"இதுக்கு வேணும் காங். பதினோராம் பக்கத்துல இது செருப்பைத் தொலைக்குது."

உஜாங் பதினோராம் பக்கத்தைத் தேடி எடுத்துக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். "செருப்பும் போயிடுச்சு, காலும் போயிடுச்சு. சரியாத்தானே இருக்கு?"

"வானம் வேற இப்படி இருக்கு. திரையில மாம்பழக் கலர்ல இருந்துச்சு, இது ஊறவச்ச புளி மாதிரி வந்திருக்கு."

"திரையில எல்லாரும் அழகாத்தான் இருப்பாங்க நெங். என் போன்ல இருக்கற போட்டோவைப் பாரு, எனக்கு முப்பது வயசு சொல்லுவே."

வீட்டுக்கு வந்து இருபத்தெட்டுப் பக்கத்தையும் சுருக்கி, ஓரம் விட்டு, வானத்துக்கு மஞ்சளை அள்ளிக் கொட்டித் திருத்தினாள். அதற்கு இன்னும் பத்து விடியற்காலை. முப்பது பிரதிக்கான தாள்கள் அச்சாகி வந்ததும் மடிப்பதையும் பின் அடிப்பதையும் வீட்டிலேயே வைத்துக்கொண்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு அம்மாவும் அவளும் உட்கார்ந்தார்கள். அம்மாவின் பெயர் எந்தின். அவள் குழம்புக் கரண்டியின் முதுகால் மடிப்பை அழுத்தி அழுத்தித் தேய்த்தாள். அப்படித் தேய்த்தால்தான் மடிப்புக் கத்தி மாதிரி நிற்கும். தேய்த்தபடியே ஒவ்வொரு பக்கமாகப் படித்தும் விட்டாள்.

"ஏன் கானிஸ், இந்தப் பேய்க்குக் கல்யாணம் ஆச்சா?"

"அம்மா, அது செத்துப்போச்சு."

"சாகறதுக்கு முன்னால?"

ரெங்கானிஸ் ஸ்டேப்ளரை ஓங்கி அடித்தாள். கோபத்தில் அடித்ததால் ஊசி கோணலாக இறங்கியது. கத்தியால் அதை நெம்பி எடுத்து மறுபடி அடித்தாள். முப்பதும் முடிந்து, ஒவ்வொன்றும் கண்ணாடித்தாள் உறைக்குள் போனபோது நடுப்பகல் ஆகியிருந்தது. கூடவே வாலிபர்களின் ஸ்டிக்கர் கத்தை ஒன்றும் தயாராக இருந்தது. சபதம் வேறு, வயிறு வேறு.

பிறகு தரையில் தொண்ணூறு சென்டிமீட்டருக்கு டேப் ஒட்டி, கடை பரப்பிப் பார்த்தாள். நட்ட நடுவில் பேய்ப் புத்தகம், சாய்த்து நிறுத்த ஒரு மரத் தாங்கி. இரண்டு பக்கமும் காவல்காரர்களாக வாலிபர்கள். பார்க்க அம்சமாக இருந்தது. அந்த அம்சம் சரியாக இரண்டு நாள் நிலைத்தது.

எங்கள் ஊரில் ஒருத்திக்குச் சந்தையில் மேசை கிடைத்துவிட்டால் அது அவளுடைய மேசை இல்லை, தெரிந்தவர்கள் எல்லாருக்கும் பொது. "இதையும் ஒரு ஓரமா வச்சுக்கோயேன்" என்பார்கள். முடியாது என்று சொல்லும் பழக்கம் எங்களுக்குக் கிடையாது. பிடிக்கவில்லை என்றால் "பார்க்கலாம்" என்போம். கேட்டவர்கள் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு மறுநாளே சரக்கோடு வந்து நிற்பார்கள். முதலில் வந்தவள் அஸ்ரி. அவளுக்கு இந்த முறை மேசை கிடைக்கவில்லை. கையில் சுழலும் ஸ்டாண்டு ஒன்று, அதில் நூற்றிருபது சாவிக்கொத்து. அவள் மேசை ஓரத்தில் ஒன்பது வருஷம் கடை போட்ட ரெங்கானிஸ் என்ன வாய் திறப்பாள்? அடுத்து டைல்ஸ் கடை முதலாளி. அவர் மகள் பின்னிய நூல் தவளைகள் ஒரு பை நிறைய. "சும்மா ஓரத்துல உக்காந்திருக்கட்டும் ரெங்கானிஸ், தவளைதானே" என்றார். மூன்றாவதாக அம்மாவின் தங்கை எரோ சித்தி, மரவள்ளிச் சிப்ஸ் பொட்டலங்களோடு ஆட்டோவிலேயே வந்து இறங்கிவிட்டாள்.

"சித்தி, அது படம் விக்கற சந்தை."

"படம் பாக்கறவங்களுக்குப் பசிக்காதா?"

"பசிக்கும், ஆனா எண்ணெய்க் கை படத்துல பட்டா..."

"கையைத் துடைக்கத்தான் உன்கிட்ட காகிதம் நிறைய இருக்கே நெங்," என்று அந்த முப்பது புத்தகத்தையும் பார்த்துச் சொன்னாள் சித்தி. கேலி இல்லை, நல்ல யோசனை சொல்லும் முகத்தோடுதான் சொன்னாள்.

ரெங்கானிஸ் "பார்க்கலாம்" என்றாள். சித்தி பொட்டலங்களை உள்ளே கொண்டுபோய் அடுக்கினாள்.

சனிக்கிழமை காலை சந்தை திறந்தபோது அவள் மேசையைப் பார்க்க வேண்டுமே! நடுவில் சாவிக்கொத்து ராட்டினம், அதைச் சுற்றித் தவளைகள் மாநாடு, முன்வரிசையில் காரம் பத்தாம் நிலை என்று எழுதிய சிப்ஸ், பின்னால் வாலிபர்கள். பேய்ப் புத்தகத்துக்குத் தவளைக்கும் சுவருக்கும் நடுவே ஒரு சாண் இடம் கிடைத்தது. மரத் தாங்கியைச் சித்தியின் மாதிரிப் பொட்டலத்துக்குக் கொடுத்தாகிவிட்டது.

அந்தக் கூடத்துக்குள் நுழைந்துவிட்டால் பதினாலு வயதும் நாற்பது வயதும் ஒருவரையொருவர் 'காக்' என்றுதான் அழைத்துக்கொள்ளும். அக்காவுக்கும் அண்ணனுக்கும் பொதுவான மரியாதை. "காக், இது எவ்வளவு? காக், இது யார் பண்ணது?" என்று கேட்டுக்கொண்டே கூட்டம் வந்தது. ரெங்கானிஸ் வெளுத்து வாங்கினாள்.

"இந்தத் தவளையைப் பாருங்க காக், ஒரு கண்ணு மேல பாக்குது, ஒரு கண்ணு உங்களைப் பாக்குது. என் முதலாளி பொண்ணு பின்னினது, கை வேலைன்னா கை வேலை!"

"சாவிக்கொத்தா? என் ஃப்ரெண்டோடது. இந்தப் பளபளப்பு வேற எந்த மேசையிலயும் பாக்க முடியாது. சுத்திட்டு வந்து சொல்லுங்க."

"சிப்ஸ் எங்க சித்தி போடறது. பத்தாம் நிலை வேணாம் காக், அழுதுடுவீங்க. சரி, ரெண்டு வாங்கிக்கோங்க, சேர்ந்து அழ ஆள் வேணுமே."

பிறத்தியார் சரக்கு என்றால் அவள் வாயில் அப்படி ஒரு சரளம். பேய்ப் புத்தகத்தை யாராவது எடுத்தால் போதும், அதே வாய் ஒட்டிக்கொண்டது. மதியத்துக்கு முன்னால் ஒருவர் அதைப் புரட்டி, "இது யாரோடது காக்?" என்று கேட்டார்.

"அது... நான்தான். சும்மா வரைஞ்சது. வானம் கலர் சரியா வரல. பத்தாம் பக்கத்துல கை கொஞ்சம் பெருசா இருக்கும். பாக்காதீங்க."

சொன்ன சொல் தட்டாத மனிதர், பார்க்காமல் வைத்துவிட்டார். அடுத்து வந்த இரண்டு பெண்களிடம், "மொதல் முயற்சி, அவ்வளவா நல்லா இருக்காது" என்றாள். அவர்கள் அனுதாபத்தோடு தலையாட்டிவிட்டுத் தவளை வாங்கினார்கள். தன்னைத் தானே மெச்சிக்கொள்வது அசிங்கம் என்று பாலோடு சேர்த்துப் புகட்டப்பட்டவர்கள் நாங்கள். பெற்ற பிள்ளையையே "கறுப்பு, மக்கு, சொன்ன பேச்சுக் கேட்காது" என்றுதான் விருந்தாளிக்கு அறிமுகம் செய்வோம். விருந்தாளி அதை மறுத்துப் பேச வேண்டும், அதுதான் முறை. ஆனால் காசு கொடுத்து வாங்க வந்தவனுக்கு மறுத்துப் பேச என்ன தலையெழுத்து? சனிக்கிழமை மாலை கதவு சாத்தும்போது முப்பது பேயும் அப்படியே இருந்தன.

"ஒண்ணு கூடவா போகல?" என்றாள் அஸ்ரி.

"ஒண்ணு கூட இல்ல."

"நாளைக்கு ஒரு நாள் இருக்கு."

"ம்," என்றாள் ரெங்கானிஸ். நாலு மாதம், பத்து விடியற்காலை, அம்மாவின் கரண்டி எல்லாம் சேர்ந்து நெஞ்சில் உட்கார்ந்துகொண்டன. ஆயுசு முழுக்க வாலிபர்களோடு குடித்தனம் நடத்த வேண்டியதுதான் என்று தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை காலை. அஸ்ரி மற்ற மேசைகளைப் பார்க்கப் போயிருந்தாள். ஒரே நேரத்தில் ஏழெட்டுப் பேர் மொய்த்துக்கொண்டார்கள். தவளை ஒரு கை, சிப்ஸ் ஒரு கை என்று ரெங்கானிஸ் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்த அவசரத்தில், கார்ட்டூன் வேஷம் போட்டு முதுகில் நரிவால் கட்டிக்கொண்டு வந்த ஒரு பெண் பேய்ப் புத்தகத்தைத் தூக்கிக் காட்டி, "காக், இது?" என்றாள்.

"என் ஃப்ரெண்டோடது," என்று வந்துவிட்டது வாயில். இரண்டு நாளாக அதையே சொல்லிச் சொல்லிப் பழகிய நாக்கு. திருத்தலாம் என்று வாய் எடுத்தாள். ஆனால் அந்தப் பெண் அதற்குள், "நல்லா இருக்குமா?" என்று கேட்டுவிட்டாள்.

"நல்லாவா? காக், பிரமாதமா இருக்கும்!" என்றாள் ரெங்கானிஸ். சொன்ன பிறகு அவளுக்கே தூக்கிவாரிப் போட்டது. ஆனால் மடை திறந்தாகிவிட்டது. "ஒரு பேய் வீட்டுக்கு வழி கேக்குது, ஒருத்தரும் உண்மையைச் சொல்ல மாட்டாங்க. படிக்கப் படிக்கச் சிரிப்பீங்க, அப்புறம் என்னவோ பண்ணும். வானத்தைப் பாருங்க, ஒவ்வொரு பக்கத்துலயும் கொஞ்சம் கொஞ்சமா இருட்டும், அதை எவ்வளவு யோசிச்சுப் போட்டிருக்கா தெரியுமா? பத்தாம் பக்கத்துல கை பெருசா இருக்கும், வேணும்னேதான் அப்படி."

நரிவால் பெண் வாங்கிக்கொண்டாள். பின்னால் நின்றவரும் வாங்கினார். அதற்குப் பிறகு ரெங்கானிஸுக்கு வெட்கம் விட்டுப்போயிற்று. கேட்டவர்களுக்கு எல்லாம் தோழியைப் பற்றிச் சொன்னாள். தோழி காருத் ஊர்க்காரி. ரொம்பக் கூச்ச சுபாவம், தன்னைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டாள். ஏன் வரவில்லை என்று ஒருவர் கேட்க, டைஃபாய்டு என்றாள். எங்கள் நாட்டில் ஓர் ஆள் ஓர் இடத்துக்கு வரவில்லை என்றால் அது டைஃபாய்டுதான், யாரும் மேலே கேட்க மாட்டார்கள். மதியத்துக்குள் தோழிக்கு ஒரு பூனையும், மொட்டை மாடி அறையும், இடது கைப் பழக்கமும் சேர்ந்துவிட்டன. புத்தகம் இருபத்திரண்டு போயிருந்தது.

அஸ்ரி திரும்பி வந்து கடைசிச் சில நிமிஷங்களைக் காதால் கேட்டுவிட்டாள். கூட்டம் விலகியதும் இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"யாருடி அந்த இடது கைக்காரி?"

"சத்தம் போடாதே."

"உன்னைப் பத்தி நீ இவ்வளவு நல்லதாப் பேசி நான் இதுவரைக்கும் கேட்டதே இல்ல. எனக்கே அவளைப் பாக்கணும் போல இருக்கு."

"வித்துச்சு இல்ல? முன்பின் தெரியாதவங்கதான் வாங்கினாங்க."

"வாங்கினாங்க. யாரோடதுன்னு நினைச்சு வாங்கினாங்க?"

ரெங்கானிஸ் தவளைகளை வரிசையாக நிமிர்த்தி வைத்தாள். சபதத்தில் இந்த ஷரத்தை அவள் யோசித்திருக்கவில்லை. அச்சடித்த பொய்யான பெயரும் வாயால் சொன்ன பொய்யான தோழியும் சேர்ந்து, கிடைத்த சந்தோஷத்தை அப்படியே காருத்துக்கு வண்டி ஏற்றி அனுப்பிவிட்டன. இருபத்திரண்டு பேர் வாங்கியும் அவளுக்குப் பொறாமையாக இருந்தது. இல்லாத ஒருத்தியைப் பார்த்து ஒருத்தி பொறாமைப்பட்டாள் என்றால் அது என் ரெங்கானிஸாகத்தான் இருக்கும்.

மூன்று மணி வாக்கில் நரிவால் பெண் திரும்பி வந்தாள். வால் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது, கண் மை கன்னத்தில் இறங்கியிருந்தது. கையில் அந்தப் புத்தகம்.

"காக், படிச்சு முடிச்சுட்டேன். படிக்கட்டுல உக்காந்து ரெண்டு தடவை படிச்சேன்."

"அழுதீங்களா? சிப்ஸா?"

"சிப்ஸ் இல்ல காக், பத்தொன்பதாம் பக்கம். எல்லாரும் ஆளுக்கொரு வழி சொல்றாங்க, கடைசியில அந்த ஸ்கூல் பொண்ணு மட்டும் 'எனக்குத் தெரியல'ன்னு சொல்றா இல்ல? உடனே அந்தப் பேய் அழுதுடுது. அது ஏன் அழுதுன்னு எனக்குப் புரிஞ்சுது. உங்க ஃப்ரெண்டுகிட்ட சொல்லுங்க. அவங்களுக்கு உடம்பு எப்படி இருக்கு? டைஃபாய்டுக்குக் கேக்குமே, அந்த மண்புழு மாத்திரை குடுத்தீங்களா?"

ரெங்கானிஸுக்குக் கண் கலங்கிவிட்டது. பத்தொன்பதாம் பக்கத்தைத்தான் அவள் ஐந்து முறை அழித்து வரைந்தாள். யாருக்கும் புரியாது என்று கடைசியில் எடுத்துவிடக்கூடப் பார்த்தாள். இதற்கு மேலும் பொய் சொல்ல அவளால் முடியவில்லை.

"காக், ஒண்ணு சொல்றேன். ஃப்ரெண்டு யாரும் இல்ல. அதை வரைஞ்சது நான்தான்."

நரிவால் பெண் அவளைப் பார்த்தாள். பிறகு பின்னால் வரிசையாக நின்ற வெள்ளைத்தலை வாலிபர்களைப் பார்த்தாள். பிறகு வாய்விட்டுச் சிரித்தாள்.

"நல்ல ஜோக் காக்."

"ஜோக் இல்ல, நெசமாத்தான். காருத் எல்லாம் பொய். டைஃபாய்டு பொய். இந்தப் புத்தகம் நான் வரைஞ்சது. நல்லா வரைஞ்சிருக்கேன்."

கடைசி வாக்கியத்தை அவள் கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டாள். பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்த்தார். அஸ்ரி வாயில் போட்ட சிப்ஸை மெல்லாமல் நின்றாள். நரிவால் பெண்ணின் முகத்தில் இருந்த சிரிப்பு மெல்ல மரியாதையாக மாறியது. தெரியாத மனிதர் தப்பாக நடந்துகொள்ளும்போது எங்கள் ஊரில் காட்டும் அந்த மரியாதை.

"காக், கோவிச்சுக்காதீங்க. இதை வரைஞ்சவங்க இப்படித் தன்னைத் தானே மெச்சிக்க மாட்டாங்க. நீங்களே காலையில சொன்னீங்களே, ரொம்பக் கூச்சம்னு. உடம்பு சரியில்லாதவங்களோடதை நாம எடுத்துக்கக் கூடாது காக்."

அஸ்ரி குபீரென்று சிரித்து, சிப்ஸ் காரம் மூக்கில் ஏறி, மேசைக்கு அடியில் குனிந்துகொண்டாள். ரெங்கானிஸுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. சரி, பேச்சு எதற்கு என்று ஓர் அட்டையை எடுத்துப் போட்டு, பேனாவை உருவி, அந்தப் பெண்ணின் கண் முன்னாலேயே பேயை வரைந்தாள். வேன் ஜன்னல் ஓரம், மடியில் ஒற்றைச் செருப்பு, வெளியே பார்க்கிற முகம். நாலு மாதம் பழகிய பேய், நாலு நிமிஷத்தில் வந்து உட்கார்ந்துவிட்டது. கீழே தன் முழுப் பெயரையும் எழுதினாள், ரெங்கானிஸ் என்று.

"அய்யோ காக்!" என்றாள் நரிவால் பெண், கையைத் தட்டி. "உங்களுக்கும் இந்தப் பேய் பிடிச்சிருக்கா? ரசிகையா நீங்களும்? எவ்வளவு அழகாப் பாத்து வரையறீங்க! இதை நான் வாங்கிக்கலாமா? அவங்க ஒண்ணும் சொல்ல மாட்டாங்களே?"

ஒன்பது வருஷம் அடுத்தவர் பிள்ளைகளை வரைந்து விற்றவள், இன்று தன் பிள்ளைக்கே ரசிகையாகப் பதவி உயர்வு பெற்றாள். அஸ்ரி மேசைக்கு அடியிலிருந்து எழவே இல்லை.

"எடுத்துக்கோங்க," என்றாள் ரெங்கானிஸ். "காசு வேணாம்."

அந்தப் பெண் அட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். புத்தகத்தைத் திறந்து பக்கத்தில் வைத்து இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். தயங்கினாள்.

"சொல்லலாமா காக்? தப்பா எடுத்துக்க மாட்டீங்களே?"

"சொல்லுங்க."

"புத்தகத்துல இதோட தோள் இன்னும் கொஞ்சம் தொங்கியிருக்கும். ரொம்ப நாளா அலைஞ்ச மாதிரி. உங்களோடதுல நிமிந்து உக்காந்திருக்கு."

ரெங்கானிஸ் குனிந்து பார்த்தாள். அந்தப் பெண் சொன்னது சரி. கோபத்தில் வரைந்ததில் தோள் விறைத்துக்கொண்டிருந்தது. புத்தகத்தில் அப்படி இல்லை, அதில் அந்தத் தோளைப் பார்த்தாலே கால் வலிக்கும். வாலிபர்களை வாங்கிப்போன நூற்றுக்கணக்கான பேரில் ஒருவர்கூட ஒரு தோளைப் பார்த்ததில்லை. அவளுக்கு மனசு நிறைந்துவிட்டது, அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது. கை நீட்டி அட்டையைத் திரும்ப வாங்கினாள். தோள் தொங்கும்படி இரண்டு கோடு இழுத்து, கழுத்தோரம் முடியைச் சற்று சரித்துவிட்டு, மறுபடி நீட்டினாள்.

நரிவால் பெண்ணின் முகம் மலர்ந்தது. "இப்பத்தான் காக், அப்படியே அவங்க வரைஞ்ச மாதிரியே இருக்கு!"

"ஆமா," என்றாள் ரெங்கானிஸ். "அவ ரொம்ப நல்லா வரைவா. அடுத்த புத்தகம் ஆரம்பிச்சுட்டா."